பெருங்கடல் பந்தயப் படகுக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும்?

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான வள்ளவிளையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய தந்தையார் ஆழ்கடல் விசைப்படகில் கிளம்பினால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் கரை சேர்கிறார். உலகைச் சுற்றிவரும் பாய்மரப் பந்தயங்களில் செல்பவர்களும் ஏறக்குறைய அத்தனை நாள் கடலில் கிடக்கிறார்களே, அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், நம் ஆட்களின் கடல் வாழ்க்கைக்கும் அவர்களுடையதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார். அந்தப் படகுகளில் எஞ்சினே கிடையாதா என்பது தந்தையாரின் கேள்வி என்றும் எழுதியிருக்கிறார்.

கடற்படைப் பணியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்று, பிறகு சில நெடும்பயணங்களில் ஆட்களில் ஒருவனாகச் சென்று, இப்போது குளச்சலில் வாழ்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். விசைப்படகு மீனைத் தேடிப் போகிறது. மீன் இருக்கும் இடத்தில் எஞ்சினை அணைத்து, வலையை விரித்துவிட்டு நீரோட்டத்தோடு மிதக்கிறது. அந்த நேரத்தில் சோறு வேகிறது, ஆட்கள் படுக்கிறார்கள். பந்தயப் படகோ புறப்பட்ட நொடியிலிருந்து எல்லைக்கோட்டைத் தொடும்வரை நிற்பதே இல்லை. இரவென்றும் மழையென்றும் ஆளுக்குக் காய்ச்சல் என்றும் அது வேகத்தைக் குறைப்பதில்லை. குறைத்தால் பின்னால் வருபவன் முந்திவிடுவான். அந்தப் படகில் உறக்கம், உணவு, உடை, கோபதாபம் எல்லாமே இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் அமைகின்றன.

பந்தயங்கள் பல வகை. 1973-இல் விட்பிரெட் பந்தயம் என்ற பெயரில் தொடங்கி, பிறகு வோல்வோ பந்தயமாகி, இன்று ‘தி ஓஷன் ரேஸ்’ எனப்படுவது துறைமுகம் துறைமுகமாக நின்று செல்லும் குழுப் பந்தயம். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் படகுகள் கேப்டவுனிலிருந்து கொச்சிக்கு வந்து, பின்பு நம் குமரிமுனைக்குத் தெற்கே கடந்துதான் சிங்கப்பூருக்குப் போயின. ‘வாந்தே குளோப்’ என்பது தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றுவது. ‘கோல்டன் குளோப்’ பந்தயமும் அப்படியே. ஆனால் அதில் 1968-ஆம் ஆண்டுக் காலத்துக் கருவிகளோடு, செக்ஸ்டன்ட் பிடித்துச் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தே வழி காண வேண்டும். முதல் கோல்டன் குளோப் பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாளில் உலகைச் சுற்றிய ‘சுஹைலி’, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு.

இனி படகுக்குள் இறங்குவோம். இன்றைய பந்தயப் படகின் உட்புறம் கறுப்பு கார்பன் இழையால் ஆன வெற்றுக் கூடு. மரப்பலகை, மெத்தை, தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு கிலோவும் வேகத்தைத் தின்னும். பழைய குழுப் படகுகளில் கழிப்பறை கூடக் கதவில்லாமல் ஒரு ஓரத்தில் வைத்த கார்பன் கிண்ணம்தான். அதுவும் இல்லாத படகுகளில் வாளி. பல் துலக்கும் தூரிகையின் பிடியை அறுத்துவிட்டு ஏறியவர்கள் உண்டு. ஒரு பிடியின் எடையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் பத்துப் பேர் தத்தமக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அது மூட்டையாகிவிடும் என்பதை, நாற்பது நாளுக்கு அரிசியும் தண்ணீரும் டீசலும் பனிக்கட்டியும் ஏற்றிக் கணக்குப் பார்க்கும் தூத்தூர்ப் படகுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு என்னவென்றால், அங்கே எடை குறைந்தால் மீனுக்கு இடம் கிடைக்கும். இங்கே எடை குறைந்தால் நேரம் கிடைக்கும்.

அந்த எடையை எங்கே வைப்பது என்பது இன்னொரு பாடு. பாய்மரப் படகு காற்றின் அழுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. சாய்வைக் குறைத்தால் வேகம் கூடும் என்பதால், பயன்பாட்டில் இல்லாத பாய்கள், உணவுப் பைகள், உதிரிக் கருவிகள், உடைப் பைகள் அனைத்தையும் காற்று வரும் பக்கத்தில் அடுக்கி வைக்கிறார்கள். நனைந்த பாய் ஒன்றைத் தூக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகை மறுபக்கம் திருப்பியாக வேண்டும். மேல்தட்டிலிருந்து ஒரு குரல் வருகிறது. உறங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து, முழங்காலிட்டு ஊர்ந்து, நெற்றியில் கட்டிய சிறு சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அடுக்கு முழுவதையும் அவிழ்த்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் மீண்டும் கட்டுகிறார்கள். பிறகு படகின் அடியில் கனத்த குண்டோடு தொங்கும் ஏராவை நீரழுத்த இயந்திரத்தால் புதிய பக்கத்துக்குச் சாய்க்கிறார்கள், பாயைத் திருப்புகிறார்கள், தங்கள் படுக்கையையும் புதிய பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு படுக்கிறார்கள். கண் அசந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, காற்று மறுபடியும் திரும்பிவிடும். மாறி மாறி அடிக்கும் காற்றில் கரையோரம் ஓடும் இரவுகளில் இது பலமுறை நடக்கும். உடலை உருக்குவது புயலைக் காட்டிலும் இந்த மூட்டை சுமக்கும் வேலைதான் என்று பந்தயத்தில் சென்றவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன்.

குழுப் படகுகளில் உறக்கம் முறை வைத்து நடக்கிறது. வழக்கமான முறை நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த நான்கு மணி நேர ஓய்வில், நனைந்த மேலுடைகளைக் கழற்றுவதற்கும், ஏதாவது சாப்பிடுவதற்கும், அடுத்த முறைக்குக் கால் மணி நேரம் முன்பே எழுந்து மீண்டும் உடைகளையும் பாதுகாப்புப் பட்டையையும் மாட்டுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது இரண்டரை மணி அல்லது மூன்று மணி உறக்கம். படுக்கை என்பது குழாய்ச் சட்டத்தில் கட்டிய துணி. ஆளுக்கொரு படுக்கை கிடையாது, ஒருவர் எழுந்ததும் அதே சூட்டில் அடுத்தவர் படுக்கிறார். படகின் முன்பக்கம் நோக்கிக் கால் இருக்கும்படி படுப்பது கட்டாய வழக்கம். அலையில் மோதிப் படகு திடீரென்று நின்றால், இடிபடுவது தலையாக இருக்கக்கூடாது.

இது வீண் அச்சமல்ல. 2023-இல் ‘தி ஓஷன் ரேஸ்’ பந்தயத்தில் கேப்டவுனிலிருந்து தென்பெருங்கடல் வழியாகப் பிரேசிலின் இத்தஜாயிக்கு ஓடிய கட்டம் 12,750 கடல்மைல் (ஒரு கடல்மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்). அந்தப் பந்தய வரலாற்றிலேயே நீண்டது. ‘மலிசியா’ என்ற படகு அதை ஏறத்தாழ 35 நாளில் முடித்தது, அதாவது நம் ஆழ்கடல் படகின் ஒரு பயணக் காலம். ஓட்டுபவர்கள் நான்கு பேர், படம் பிடிக்கும் செய்தியாளர் ஒருவர், ஆக ஐந்து பேர். புறப்பட்ட சில நாட்களிலேயே பாய்மரத்தின் உச்சிக்கு அருகில் விரிசல் கண்டது. திரும்பாமல், ஆடும் மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கேயே கார்பன் துணியும் பசையும் வைத்து ஒட்டினார்கள். ஏறியவர்களில் ஒருவரான ரோசலின் கைப்பர், பல நாட்களுக்குப் பிறகு ஓர் அலையில் படுக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு, மீதிப் பயணத்தைப் படுத்தபடியே கழிக்க நேர்ந்தது. மருத்துவமனை வாரக்கணக்கான தொலைவில் இருக்க, உடன் சென்றவர்களே தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்டு அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தை வென்றதும் அதே படகுதான். இந்த வகைப் படகுகள் பக்கவாட்டு இறக்கைகளின் மேல் நீரை விட்டு எழும்பி ஓடுபவை; அதே ஆண்டுப் பந்தயத்தில் 24 மணி நேரத்தில் 640 கடல்மைலுக்கு மேல் ஓடின. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பிச் சென்னையைத் தொட்டுவிட்டுப் பாதி வழிக்கு மேல் திரும்பிவிடும் தூரம் அது. அந்த வேகத்தில் இறக்கைகள் எழுப்பும் ஊளைச் சத்தம் ஓயாது. காதை மூடும் கருவி இல்லாமல் உறங்க முடியாது. படகின் ஆட்டத்தில் நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

தனி ஆளாகச் செல்பவரின் உறக்கம் வேறு வகை. இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் தூங்குகிறார். படகைத் தானியங்கிச் சுக்கான் ஓட்ட, தம் இருப்பிடத்தை அறிவிக்கும் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும் ராடாரும் எச்சரிக்கை ஒலி எழுப்பும் என்ற நம்பிக்கையில் கண்ணை மூடுகிறார். இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதை நம் கடற்கரை மக்கள் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரியில் வாந்தே குளோப் பந்தயத்தின் கடைசி இரவில், முன்னணி வரிசையில் வந்துகொண்டிருந்த போரிஸ் ஹெர்மன், எல்லைக்கோட்டுக்குச் சுமார் 90 கடல்மைல் இருக்கும்போது உறக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகின் மீது மோதினார். எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. அவர் தப்பித்து ஐந்தாவதாகக் கரை சேர்ந்தார். 2018 ஜனவரியில் ஹாங்காங் அருகே வோல்வோ பந்தயப் படகு ஒன்று இரவில் மீன்பிடிப் படகோடு மோதியபோது முடிவு அப்படி இல்லை. அந்தப் படகிலிருந்த மீனவர் ஒருவர் இறந்துபோனார். பந்தயச் செய்திகளில் இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இரவில் கப்பல் இடித்துப் படகை இழந்த குடும்பங்கள் நீரோடி முதல் இரயுமன்துறை வரை இருக்கின்றன. அவர்களுக்கு இது சில வரிச் செய்தியல்ல. ஏஐஎஸ் கருவி பொருத்தாத படகு, உறங்குபவரின் ஏஐஎஸ் திரையில் இல்லவே இல்லை. படகில் அந்தக் கருவி இருந்தால் அதை எப்போதும் இயக்கத்தில் வைத்திருக்கும்படி உங்கள் தந்தையாரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அணைத்து வைப்பதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

உணவைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை, ஏனென்றால் அதில் சுவைக்க எதுவும் இல்லை. உறைய வைத்து ஈரம் முழுவதையும் நீக்கிய தூள் உணவு, நாள்வாரியாகப் பைகளில் கட்டப்பட்டிருக்கும். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, ஒரே கிண்ணம் ஒரே கரண்டியோடு உண்ண வேண்டும். குளிர்ந்த தென்கடலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் தேவைப்படும். அவ்வளவு உண்ண நேரமும் மனமும் வராததால் எல்லோரும் மெலிந்துதான் இறங்குகிறார்கள். நம் படகில் பிடித்த சூரையை அப்போதே வெட்டிக் குழம்பு வைத்துச் சுடுசோற்றோடு சாப்பிடும் சுகம் அங்கே கிடையாது. தூண்டில் போடுவதற்கு வேகம் இடம் கொடாது. இரவில் படகின் மேல்தட்டில் வந்து விழும் பறவைக்கோலா மீனைக் கூட வாடை அடிக்கும் என்று எடுத்து எறிந்துவிடுகிறார்கள். குடிநீர், கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்திலிருந்து வருகிறது. அது பழுதானால் உணவும் இல்லை, ஏனென்றால் உலர்ந்த உணவுக்கு உயிர் கொடுப்பதே தண்ணீர்தான். அதனால் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஒருவராவது படகில் இருப்பார். கோல்டன் குளோப் போன்ற பழைய முறைப் பந்தயத்தில் பாயில் வழியும் மழைநீரைப் பிடித்துச் சேர்க்கிறார்கள்.

குளியல் கிடையாது. ஈரத்துணித் தாளால் துடைத்துக்கொள்வதோடு சரி. உப்பு எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது: கயிற்றில், கையுறையில், தலையணையில், கண்ணிமையில். உப்பேறிய துணி காயவே காயாது. நனைந்த உடையோடு பல நாள் உட்கார்ந்தே இருப்பதால் தொடையிலும் பின்புறத்திலும் புண் வருகிறது. விரல் நுனிகள் வீங்கிக் காலையில் கையை மடக்க முடியாமல் போகிறது. இந்தப் புண்ணை அன்றே கவனிக்காதவர் ஒரு வாரத்தில் வேலைக்கு உதவாதவராகிவிடுவார். அதனால் நல்ல தலைவர்கள் வானிலையைப் பார்க்கும் அக்கறையோடு ஆட்களின் தோலையும் பார்க்கிறார்கள். தன் உடம்பைப் பேணுவது அங்கே சுகம் தேடுவதாகக் கருதப்படுவதில்லை, அதுவும் வேலையின் ஒரு பகுதி.

புயலை விடக் கொடுமையானது காற்று வீழ்ந்து கிடப்பது. நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றில்லாத பட்டை ஒன்று உண்டு. கறுப்புக் கூட்டுக்குள் வெப்பம் தாங்காமல் உள்ளே படுக்கவும் முடியாது, வெளியே நிழலும் இல்லை. அந்த நேரத்தில்தான் சண்டை வரும். குழுப் பந்தயத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாப் படகுகளின் இருப்பிடமும் அறிவிக்கப்படுகிறது. அடுத்தவன் பத்து மைல் முன்னேறியிருக்கிறான் என்று தெரிந்தால், அந்தச் சிறு கூட்டில் யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சத்தம் போடுபவரைக் காட்டிலும், ஒரு குவளை சூடான பானத்தை அடுத்த முறைக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறவரைத்தான் எல்லோரும் மறுபடியும் தம்மோடு அழைத்துப் போக விரும்புவார்கள்.

களைப்பு, கண்ணை மட்டுமல்ல, முடிவெடுக்கும் திறனையும் மறைக்கிறது. 2014 நவம்பர் 29-ஆம் தேதி இரவு, வோல்வோ பந்தயத்தில் ஓடிய ‘வெஸ்டாஸ்’ அணியின் படகு மொரீஷியசுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் என்னும் பவளத்திட்டில் முழு வேகத்தில் ஏறி உடைந்தது. மின்னணு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் திட்டு தெரிந்திருக்கும். சிறிதாக்கிப் பார்த்த அளவில் ஆழம் குறைந்த கடலாக மட்டுமே அது தெரிந்தது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். வரைபடம் பார்க்கும் வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று நான் கற்பிக்கும் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வதற்கு இந்த விபத்தே காரணம்.

கடலில் விழுந்தவரைத் திரும்பப் பெறுவது மிக மிக அரிது. 2018 மார்ச் 26-இல், தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கு மேற்கே ஏறத்தாழ 1,400 கடல்மைல் தொலைவில், வோல்வோ பந்தயத்தில் சென்ற ஜான் ஃபிஷர் கடலில் விழுந்தார். தட்டில் முன்னால் நகர்வதற்காகப் பாதுகாப்புக் கயிற்றை அவிழ்த்திருந்த அந்தச் சில நொடிகளில் படகு தானாகத் திரும்ப, பாயின் கயிற்றமைப்பு அவரை அடித்து வீழ்த்தியது. பலமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், கோல்டன் குளோப் பந்தயத்தில் சென்ற நம் கடற்படையின் அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு புயலில் புரண்டது. முதுகெலும்பு முறிந்து எழ முடியாமல் கிடந்தவரை, மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ‘ஒசிரிஸ்’ மீட்டது. முதுகில் உலோகக் கம்பிகளோடு அவர் மீண்டும் அதே பந்தயத்தில் இறங்கி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்மணி. டோமியை மீட்க முடிந்ததற்கு முதற்காரணம், அவர் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது நம் ஆழ்கடல் படகுகள் எங்கே இருந்தன என்பது கரையில் யாருக்கும் தெரியவில்லை, புயல் வருவது படகில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு பந்தயக்காரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பிழைப்புக்காகப் போகும் மீனவருக்கும் கிடைத்தாக வேண்டும். செயற்கைக்கோள் வழியே ஆபத்தை அறிவிக்கும் கருவியை மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. அதை வாங்குவதிலும், பேட்டரியைப் பார்த்து வைப்பதிலும் ஒரு படகும் சுணங்கக்கூடாது.

தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். எஞ்சின் உண்டு. பாதுகாப்புக்கு அது வேண்டும் என்று விதியே சொல்கிறது. மின்கலங்களுக்கு மின்னேற்றவும் பயன்படும். ஆனால் பந்தயம் தொடங்கும் முன் சுழலியை ஓட்டும் தண்டுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்துவிடுவார்கள். உயிர் காக்க வேண்டிய நேரத்தில் முத்திரையை உடைக்கலாம். உடைத்ததை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும், கரையில் அதைச் சரிபார்ப்பார்கள். சூரியத் தகடுகளும் நீரில் இழுபட்டுச் சுழலும் சிறு மின்னாக்கியும் இருப்பதால், பல படகுகள் டீசலை மிகக் குறைவாகவே எடுத்துச் செல்கின்றன.

நம் பிள்ளைகள் இதில் சேர முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்பதற்கான ஆசை கேள்விக்குள் தெரிகிறது. இந்தியர்களில் இதுவரை நெடுந்தூரம் சென்றவர்களில் பெரும்பாலோர் கடற்படை வழியாகவே போனார்கள். ‘தாரிணி’ படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பிய இரு பெண் அதிகாரிகளில் ரூபா புதுச்சேரிக்காரர். பந்தயத்தில் அல்ல என்றாலும் அதே கடல்களில்தான் சென்றார். 2024-இல் பெண்கள் மட்டுமே ஓட்டி உலகப் பந்தயம் ஒன்றை வென்ற ‘மெய்டன்’ படகில் நம் கடற்படையின் பாயல் குப்தாவும் இருந்தார். அலையின் போக்கை உடம்பால் உணர்வது, வாந்தி எடுத்துக்கொண்டே வேலை செய்வது, ஆறேழு பேரோடு ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் சண்டையின்றி இருப்பது ஆகியவை வள்ளவிளைப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வந்தவை. பாய் பிடிப்பதும் வானிலை வரைபடம் படிப்பதும் கற்றால் வரும். முதலில் சிறு பாய்ப் படகில் ஆறு மாதம் ஓட்டிப் பழகுங்கள். கூடவே, பாதுகாப்புக் கயிற்றை மாட்டாமல் தட்டுக்கு ஏறுவதில்லை என்ற பழக்கத்தை உங்கள் தந்தையாரின் விசைப்படகிலேயே இன்று முதல் தொடங்கலாம்.